கம்பெனி தொடங்கும் முன் கிராம சபையைக் கூட்டுங்கள்

கேள்வி: கோவை மாவட்ட மலைப்பகுதியில் மூன்று இருளர் பதிகளைச் (பழங்குடிக் குடியிருப்புகளை) சேர்ந்த பெண்கள் நாங்கள். சீகைக்காய், பூந்திக்கொட்டை, நெல்லிக்காய், தேன் எடுத்து ஒன்றாகச் சேர்த்து விற்கிறோம். போன மாதம் சீகைக்காய் மூட்டைகளோடு போன ஜீப்பைச் செக்போஸ்டில் நிறுத்தி, "பாஸ் இல்லை" என்று மூட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அபராதம் கட்டினால் தருவார்களாம். இதற்கிடையில் எங்களிடம் சரக்கு வாங்கும் வியாபாரி ஒருவர், "பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குவோம், முதல் என்னுடையது, 51 சதவீதப் பங்கு எனக்கு. 20 வருடத்துக்கு மகசூல் எடுக்கும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள்" என்கிறார். சிலருக்குத் தனிப்பட்ட நிலப் பட்டா வந்திருக்கிறது. ஊருக்கே பொதுவான சமூக வன உரிமைக்கு நாங்கள் மனுவே போடவில்லை. கூட்டுறவு சங்கம் நல்லதா, கம்பெனி நல்லதா?

பதில்: வியாபாரி நீட்டும் தாளில் யாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்திருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால், கேட்டதற்கு அத்தாட்சியாக ஒப்புகையுடன் ஒரு கடிதம் அனுப்பி நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

சங்கமா கம்பெனியா என்பதற்கு முன்னால், அந்தச் சீகைக்காய் யாருடையது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 3(1)(சி) இதில் சந்தேகம் வைக்கவில்லை. நீங்கள் வழிவழியாக எடுத்துவரும் சிறு வன மகசூலுக்கு நீங்களே உடைமையாளர்கள். எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு. தேனும் மெழுகும் மூலிகையும் மூங்கிலும் பெயர் சொல்லியே சட்டத்தில் இருக்கின்றன. சரணாலயம், தேசியப் பூங்கா என்றாலும் இந்த உரிமை பொருந்தும்.

செக்போஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். வன மகசூலை எதில் கொண்டுபோகலாம் என்பதற்கு, இந்தச் சட்டத்தின் 2008 விதிகளில் தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி என்று மட்டும்தான் இருந்தது. இன்னும் அந்த நினைப்பிலேயே வண்டியை மறிப்பவர்கள் உண்டு. 2012-இல் விதி திருத்தப்பட்டது. இப்போது பொருத்தமான எந்த வாகனத்திலும், காட்டுக்கு வெளியேயும் கொண்டுபோகலாம். சேமிக்கலாம், பதப்படுத்தலாம், உங்கள் கூட்டுறவு அல்லது சங்கம் வழியாக விற்கலாம். ராயல்டியோ கட்டணமோ எதுவும் வசூலிக்கக் கூடாது. பாஸ் கொடுக்க வேண்டியதும் கிராம சபை அமைக்கும் வனப் பாதுகாப்புக் குழுதான், அல்லது சபை அதிகாரம் கொடுத்த ஆள்.

அதனால் அபராதம் கட்டாதீர்கள். சரக்கை மீட்க அது சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் அந்த ரசீது, வனக் குற்றம் செய்ததாக நீங்களே ஒப்புக்கொண்ட ஆவணமாக நாளை உங்களுக்கு எதிராகவே நிற்கும். அதற்குப் பதில் மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுங்கள். எந்தச் சட்டப் பிரிவில் பிடித்தார்கள், பறிமுதல் மகஜர் (எதைப் பிடித்தார்கள் என்று எழுதும் ஆவணம்) நகல் எங்கே என்று கேளுங்கள். மூட்டை எத்தனை, எடை எவ்வளவு என்று மனுவிலேயே எழுதி, ஈரம் படாத இடத்தில் வைக்கும்படியும் கோருங்கள். பூஞ்சை பிடித்த சீகைக்காயைத் திருப்பிக் கொடுத்து என்ன பயன்? நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வன உரிமைக்கான மாவட்ட அளவிலான குழுவுக்கு அவர்தான் தலைவர்.

உரிமை சட்டப்படி உங்களுடையதுதான். ஆனால் செக்போஸ்டில் நிற்பவர் காகிதத்தைத்தான் பார்ப்பார். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு கிராமத்துக்குச் சமூக உரிமைப் பட்டாவே கையில் இருந்தது. அப்படியிருந்தும் மூங்கிலுக்குப் பாஸ் கொடுக்கும் அதிகாரம் 2011-இல்தான் அந்தக் கிராம சபையின் கைக்கு வந்தது. நீங்கள் இன்னும் மனுவே போடவில்லை. அதனால் இந்த வேலைதான் முதலில்.

உங்கள் பதியின் சபையைக் கூட்டுங்கள். பழைய குடியிருப்பு, அளக்கப்படாத ஊர் என்றாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அது கிராமமே. பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சமூக உரிமைக்குப் படிவம் 'பி', காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் 'சி'. இரண்டையும் சேர்த்தே போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று தேவை. மூப்பர்கள் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். மலைவாழ் மக்கள் கூட்டுறவு சங்கத்தில் சரக்குப் போட்ட பழைய ரசீது யார் வீட்டிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள். நீங்கள் காலங்காலமாக எடுத்து வருவதற்கு அரசுச் சங்கமே கொடுத்த அத்தாட்சி அது. மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில்தான் தர வேண்டும். கிராம சபைக்கு அடுத்து மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவின் முடிவு பாதகமாக வந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிட 60 நாள் அவகாசம்.

இனி அமைப்பைப் பற்றி. கூட்டுறவு சங்கத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு, 1978-இல் வடநெம்மேலியில் உங்கள் இருளர் மக்களே பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தரும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதிதான் தீர்மானிக்கிறது. உங்கள் சரக்கோ உங்கள் சொந்த உடைமை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் கீழ் நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரம் அரசு அதிகாரிக்கு உண்டு, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு, கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் உற்பத்தியாளர் நிறுவனம். பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் போதும். வனப் பொருள் சேகரிப்பவரும் அதில் அடக்கம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. நிறுவனத்தின் தொழிலோடு முரண்படும் வியாபாரம் உள்ளவர் உறுப்பினராகவே முடியாது. உங்களைத் தேடி வந்த வியாபாரி 'பிரைவேட் லிமிடெட்' என்று சொல்வதற்கான காரணம் இதிலேயே தெரியும். கோத்தகிரியில் 2013 முதல் நடக்கும் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் போய்ப் பாருங்கள், கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்று கேளுங்கள்.

கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆண்டறிக்கை தாக்கல் தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். விற்பனையில் நாலு காசு பார்ப்பதற்குள் அது உங்களைத் தின்றுவிடும். கணக்குப் பார்க்க ஆள் கிடைக்கும் வரை பதிவுக்கு அவசரப்படாமல் மகளிர் குழுவாகவே விற்பனையைத் தொடருங்கள்.

நிறுவனம் அமைந்த பிறகும் மகசூல் உரிமை கிராம சபையிடமே இருக்கட்டும். சபை எடுத்த மகசூலை நிறுவனம் விலைக்கு வாங்கி விற்கட்டும். நாளை நிறுவனம் கடனில் விழுந்தாலும் காட்டின் மேல் யாரும் கை வைக்க முடியாது. வியாபாரி கேட்கும் 20 வருட ஒப்பந்தமும் செல்லாது. வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் உரிமை வாரிசுக்குப் போகலாம், பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று பிரிவு 4(4) சொல்கிறது. அவரிடம் விற்பதில் தவறில்லை. ஒரு பருவத்துக்கு, இவ்வளவு எடை, இன்ன விலை, இத்தனை நாளில் பணம் என்று எழுதிக்கொண்டு விற்கலாம்.

வழக்கறிஞர் செலவுக்காகத் தயங்காதீர்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோவை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்று, செக்போஸ்டில் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் அது, சங்க ரசீது ஆகியவற்றோடு போங்கள். ஜீப் ஓட்டியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று நடந்ததை நேரில் பார்த்தவர் அவர்.