பனையால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து 3 மாதம். அண்ணா திரும்ப நடப்பாரா?

என் சின்ன மாமாவும் பாளை சீவ ஏறி விழுந்தவர்தான். முறிவு இடுப்புக்குச் சற்று மேலே. "நடப்பாரோ?" என்று பார்க்க வந்த எல்லாரிடமும் மாமி கேட்டார், ஆளுக்கொரு பதில் வந்தது. டொக்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கால், தொடை என்று ஊசி நுனியால் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் மலவாசலைச் சுற்றியும் பார்த்தார். மாமா வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு "தெரியுது" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது அப்போதுதான்.

அந்த இடத்தில் உணர்வு மிஞ்சியிருந்தால் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டின் பாதிப்பு முழுமையானதல்ல. நடை திரும்பும் வாய்ப்பு அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம். அண்ணாவுக்கு அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். திரும்புவதில் பெரும்பங்கு முதல் 6 மாதம், ஒரு வருடத்துக்குள் வரும். 3 மாதத்தில் கைவிட வேண்டாம்.

முழங்காலை நீட்டிப் பிடிக்கும் தொடைத்தசைக்குப் பலமிருந்தால் கணுக்கால் பட்டை போதும். இல்லாவிட்டால் தொடைவரை கலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில் விசாரியுங்கள், அங்கே செயற்கைக்கால் மட்டுமல்ல, இவையும் செய்கிறார்கள். ஆளைத் தொங்கவிட்டு நடக்கவைக்கும் மெஷின் இங்கே இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நிலத்தில் பழகியவர்களும் மெஷினில் பழகியவர்களும் ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள்.

எங்கள் மெஷின் பனஞ்சிலாகை. பக்கத்து வீட்டு அண்ணை முற்றத்தில் இரண்டு கைபிடி நட்டுத் தந்தார், சிலாம்பு ஏறாமல் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினோம். விழுத்தின மரத்தையே பிடித்து நடக்கிறேன் என்று மாமா சிரிப்பார்.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்லவேண்டும். மாமி ஆசையாக நொச்சி ஒத்தடம் கொடுத்தார். சூடு தெரியாத கால், மாமா கத்தவில்லை. விடியப் பார்த்தால் பாதத்தில் கொப்புளம். புண் ஆறும்வரை 6 கிழமை கலிப்பர் போடமுடியவில்லை. எண்ணெய், ஒத்தடம் என்று யார் வந்தாலும் படலையோடு அனுப்பிவிடுங்கள். இரவில் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்கவையுங்கள், படுக்கைப்புண் வந்தாலும் இதே கதைதான்.

இப்போது மாமா வோக்கரில் கிணற்றடிவரை நடப்பார். சந்தைக்குச் சக்கர நாற்காலி. "நடந்து போனால் மரக்கறிப் பையை ஆர் தூக்கிறது?" என்பார்.