பாலே கம்பெனி நடத்துறதுன்னா ஆட்டம் மட்டும் தெரிஞ்சா போதுமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு. பாலே வீடியோவா பாத்துட்டு, கோரியோகிராபர் (ஆட்டத்தை அமைச்சு மத்தவங்களை ஆட வைக்கிறவங்க) ஆகி சொந்தமா கம்பெனி நடத்தப்போறேங்குறா. அது என்ன மாதிரி வேலை? காரைக்குடியில இருந்துகிட்டு யோசிக்கலாமா?

முதல்லயே சொல்லிடுறேன், நான் பாலே (விரல் நுனியில நின்னு ஆடுற மேற்கத்திய ஆட்டம்) ஆளு இல்ல. கோட்டையூர்ல எங்க பழைய வீட்டு வளவுல 18 வருஷமா பரதநாட்டியம் சொல்லிக் குடுக்குறேன், பாலே எல்லாம் படிச்சும் பாத்தும் தெரிஞ்சுகிட்டதுதான்.

இந்த வேலைக்கு நான் எப்பவும் பாக்குற ஆளு, அமெரிக்காவுல பெரிய பாலே கம்பெனி நடத்தின கோரியோகிராபர் ஜார்ஜ் பாலன்சின். 1904ல பீட்டர்ஸ்பர்க்ல பொறந்தவரு. அக்காவை டான்ஸ் ஸ்கூல்ல சேக்கப் போன இடத்துல இவரை எடுத்துகிட்டாங்க, அப்ப வயசு 9. கூடவே பியானோவும் முறையா படிச்சாரு, ஸ்கோரை (எழுதி வச்ச இசைக் குறிப்பை) தானே படிச்சு தானே வாசிச்சுப் பாத்து அப்புறம்தான் ஆட்டத்தை அமைப்பாரு. முழங்கால் அடிபட்டு சின்ன வயசுலயே ஆடுறது கொறஞ்சுபோச்சு. வேற ஒருத்தரா இருந்தா அதோட மூட்டை கட்டியிருப்பாங்க.

1933ல லிங்கன் கர்ஸ்டீன்ங்கிற பணக்கார வீட்டுப் பையன் அமெரிக்காவுக்கு வாங்க, கம்பெனி ஆரம்பிக்கலாம்னு கூப்பிட்டதுக்கு, மொதல்ல ஒரு ஸ்கூல் வேணும்னுட்டாராம். எனக்கு இது நம்ம ஊர்க் கணக்கு மாதிரியே படும். எங்க ஐயாவோட அப்பச்சி ரங்கூன் கடைக்குப் போனப்ப பெட்டியடிப் பையனாத்தான் போனாங்க, அப்புறம் அடுத்தாள், அப்புறம்தான் மேலாள். பாலேயிலயும் அப்படித்தான், கும்பல்ல ஒருத்தியா நின்னு, சோலோ வாங்கி, பிரின்சிபல் (முக்கிய வேஷம் ஆடுறவ) ஆகி, அதுக்கப்புறம் சில பேருக்குத்தான் மத்தவங்களை ஆட வைக்கிற எடம் கெடைக்கும். ஆள் தயார் பண்ற எடம் இல்லாம கடை போட்டா எத்தனை நாள் ஓடும்?

ஸ்கூல் 1934ல வந்துருச்சு. கம்பெனிதான் படாதபாடு. ஒரு கம்பெனி, மெட்ரோபாலிட்டன் ஆபராங்கிற நியூயார்க் இசை நாடக அமைப்போட ஒட்டிகிட்டு கொஞ்ச வருஷத்துல பிச்சுகிச்சு, நடுவுல பிராட்வே ஷோவுக்கு (நியூயார்க் மேடை நாடகங்களுக்கு) ஆட்டம் அமைச்சாரு, 1942ல சர்க்கஸ்ல 50 யானைக்கு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியோட மியூசிக்ல பாலே போட்டாரு (நெசமாத்தான், பிள்ளையார்பட்டி யானை ஒண்ணை நகத்துறதுக்கே என்ன பாடு). கடைசியா நியூயார்க் சிட்டி பாலேங்கிற கம்பெனி நெலைச்சு நின்னது 1948ல. வந்து எறங்கி 15 வருஷம். 1983ல சாகுற வரைக்கும் அதை விடல, 400க்கு மேல ஆட்டம் போட்டிருக்காரு.

டைரக்டர்னா யாரு என்னைக்கு ஆடுறது, யாருக்கு கால் சுளுக்கு, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு சம்பளம், பணம் குடுக்குறவங்க வீட்டு விருந்து, எல்லாம் தலையில. ஷூ செலவை மட்டும் சொல்றேன்: விரல் நுனியில நிக்கிற ஷூவோட முனை துணியும் பசையும்தான், பெரிய ரோல் ஆடுறவளுக்கு ஒரு ஷோவுக்கே ஒரு ஜோடி காலி. அப்புறம் தரை. அடியில காத்து இருக்கிற மாதிரி மரத்தளம் வேணும், கொஞ்சம் அமுங்கிக் குடுக்கணும். எங்க வளவுல ஆத்தங்குடி கல்லு, பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டடவு (காலைத் தரையில தட்டி ஆடுறது) ரெண்டு ரவுண்டு போனா பிள்ளைங்க கெண்டைக்காலைப் பிடிச்சுகிட்டு உக்காந்துருதுங்க. பர்மாவுல இருந்து அவ்வளவு தேக்கு கொண்டாந்து எல்லாத்தையும் தூணாவே நிறுத்திட்டாங்க, ஒரு பத்துப் பலகையை தரையில போட்டிருந்தா எனக்குப் புண்ணியமாப் போயிருக்கும்.

இனி உங்க பொண்ணு விஷயம். பாலே ஆடுறவளா ஆக 14 லேட்டு, மறைக்க வேணாம். ஆட்டம் அமைக்கிறவளா ஆக வழி மூடிப்போகல, ஆனா ஏதாவது ஒரு ஆட்டத்தை ஒடம்புல ஏத்தணும், பரதமா இருந்தாலும் சரி. மேற்கத்திய ஸ்கோர் படிக்கக் கத்துக் குடுங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. இப்பவே நாலு சின்னப் பிள்ளைங்களை வச்சு மூணு நிமிஷம் ஏதாவது பண்ணச் சொல்லுங்க, நாலு பேரையும் ஒரே நேரத்துல ஒரே எடத்துக்கு வரவைக்க முடியுதான்னு பாக்கட்டும், பாதி வேலை அதுதான்.

பாலன்சின் அமெரிக்காவுல போட்ட மொத ஆட்டம் செரனேடு, 1934. மொத நாள் 17 பொண்ணுங்க வந்தாங்களாம், 17 பேரையும் நிறுத்தி ஆரம்பிச்சாரு. அடுத்த தடவை வந்தது 9 பேர்தான், அந்த எடத்தை 9 பேருக்குப் போட்டாரு. ஒருத்தி லேட்டா ஓடி வந்தா, ஒருத்தி விழுந்தா, ரெண்டையும் ஆட்டத்துக்குள்ளயே வச்சுகிட்டாரு. இன்னைக்கும் அப்படியே ஆடுறாங்க.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு குறவஞ்சி போட்டோம், 11 பேர். தேவகோட்டையில இருந்து வர்ற பிள்ளைக்கு பஸ் லேட்டு, மேடையில பாட்டு ஓடுது, இவ கையில சலங்கையோட வந்து நிக்கிறா. கட்டிட்டு, தோழியைத் தேடிட்டு வர்ற மாதிரி நடந்து போடின்னு அனுப்பிட்டேன். நல்லாவே இருந்துச்சு, அடுத்த ஊர்லயும் அப்படியே வச்சோம். அவங்க அம்மா மட்டும் இன்னும் போன் போட்டுக் கேக்குறாங்க, எல்லாப் பிள்ளையும் ஆடுறப்ப எம்பொண்ணை மட்டும் ஏன் டீச்சர் கடைசியா விட்டீங்கன்னு.