நிலக்கரி இவ்ளோ இருந்தும் அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா ஏன் ஏழை மாநிலமாவே இருக்கு?

முதல்ல மேப்பைப் பாருங்க, மாநிலம் முழுக்க அப்பலாச்சியன் மலைதான், அதனால கிழக்கு வர்ஜீனியா மாதிரி அடிமைகளை வச்சுப் பெரிய தோட்ட விவசாயம் இங்க வளரல. உள்நாட்டுப் போர் வந்தப்ப இந்தப் பக்கத்துத் தலைவர்கள் யூனியனோட, அதாவது தென் மாநிலங்கள் பிரிஞ்சு போறதை எதிர்த்த மத்திய அரசோட நின்னு, வர்ஜீனியாவுல இருந்து பிரிச்சு 1863-ல தனி மாநிலமாக்கிட்டாங்க.

அப்புறம் ரயில் வந்துச்சு, கூடவே நிலக்கரி கம்பெனிங்க. நிலமும் கனிம உரிமையும் நிறைய வெளியூர் முதலாளிங்க கைக்குப் போயிடுச்சு, லாபமும் அங்கயே போச்சு, இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியக் காரணம். தொழிலாளி இருக்குற வீடு கம்பெனியோடது, கடை கம்பெனியோடது, பல இடத்துல கூலியே அந்தக் கடைல மட்டும் செல்லுற டோக்கன், எவ்ளோ பெரிய அநியாயம்! 1907-ல மோனங்கா சுரங்க வெடிப்புல மட்டும் 360 பேருக்கு மேல செத்தாங்க. 1921-ல பிளேர் மலையில சுமார் 10,000 தொழிலாளிங்க சங்க உரிமைக்காகத் துப்பாக்கி தூக்குனாங்க, கடைசில மத்திய ராணுவம் வந்துதான் சண்டை நின்னுச்சு.

பின்னாடி மெஷின் வந்து ஆள் தேவை குறைஞ்சுது, அப்புறம் மலிவான இயற்கை எரிவாயு வந்து நிலக்கரிக்கே கிராக்கி போச்சு. 1950-ல சுமார் 20 லட்சம் பேர் இருந்த மாநிலம், 2020 கணக்கெடுப்புல 18 லட்சத்துக்கும் கீழ.