போட்ட திட்டமெல்லாம் தவறிப்போகும்போது கடவுளை எப்படி நம்புவது?

நல்ல வேலை, நிச்சயமான கல்யாணம் இரண்டும் கைநழுவிப் போனபின் இதைக் கேட்டிருக்கிறீர்கள். "எல்லாம் நன்மைக்கே, இதைவிடப் பெரிதாக ஒன்று வைத்திருப்பார்" என்று பலர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த வழி உதவவில்லை. குழந்தைக்காக நானும் கணவரும் வருடக்கணக்கில் சிகிச்சை எடுத்தோம். நகையெல்லாம் அடகுக்குப் போனது, விரதங்களும் இருந்தேன். குழந்தை பிறக்கவில்லை. அதற்கு ஈடாக வேறெதுவும் வந்துவிடவும் இல்லை. அப்படியும் மனதாரத்தான் சாமி கும்பிடுகிறேன். எப்படி முடிகிறது என்றால், தேவாரம் பாடிய சுந்தரர் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது அவர் கல்யாணம் நின்ற கதை. புத்தூர் மணப்பந்தலுக்குக் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கில் ஜெயித்து, கோயிலுக்குள் போய் மறைகிறார். வந்தவர் சிவபெருமான். நம் திட்டத்தைவிட அவன் திட்டம் பெரியது என்பதற்குச் சொற்பொழிவுகளில் இதைத்தான் சொல்வார்கள். சுந்தரருக்குச் சரி. அந்த மணப்பெண்ணுக்கு? சடங்கவி சிவாச்சாரியாரின் மகள் அவள். சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லிவிட்டு மேலே போகிறார். நல்ல கதி கிடைத்தது, உண்மைதான். ஆனால் தன் கல்யாணம் ஏன் நின்றது என்று அவளிடம் யாரும் வந்து சொன்னதாகத் தெரியவில்லை. நான் அவளை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பிடிமானம் தந்தது அதே சுந்தரரின் பிற்கால வாழ்க்கைதான். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அப்புறம் திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து கிளம்பிவிடுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போகிறது. தடவித் தடவித் திருவெண்பாக்கம் வந்து, "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார். உள்ளிருந்து வந்த பதில்: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம் என்று அர்த்தம். கூடவே ஊன்றிக்கொள்ள ஒரு கோல். பார்வை வரவில்லை, எப்போது வரும் என்ற வாக்கும் இல்லை. இடக்கண் காஞ்சிபுரத்தில்தான் கிடைத்தது, வலக்கண் திருவாரூர் போன பிறகு.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் வந்தபோது திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு கரையோரம் புதிதாகக் கட்டினார்கள். சுவாமி பெயர் ஊன்றீஸ்வரர், அந்தக் கோலை வைத்து வந்த பெயர். சென்னைக்காரர்கள் ஒருமுறை போய்வாருங்கள்.

கேட்டது கிடைக்காத காலத்தில் எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது: இருக்கிறான் என்ற நிச்சயமும், அன்றைய பொழுதைத் தள்ள ஏதோ ஒரு கோலும். சில நாள் அது அம்மாவின் ஃபோன், சில நாள் அலுவலக வேலை. காரணம் இன்றுவரை தெரியாது. காரணம் தெரிந்தால்தான் நம்புவேன் என்று நின்றிருந்தால் என்னால் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க முடியாது.

கோபம் வந்தால் அடக்க வேண்டாம். இன்னொரு கண் வராத ஆத்திரத்தில் சுந்தரர் திருவாரூரில் நின்று, "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நீரே நன்றாக இருந்துகொள்ளும் என்று கடவுள் முகத்துக்கு நேரே சொல்வது அது. அந்தப் பாட்டை இன்றும் தேவாரமாகத்தான் ஓதுகிறோம். நானும் பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். பேச்சை நிறுத்தியதில்லை.

இன்னொன்று. சுந்தரருக்குக் கண் போனது சத்தியம் தவறியதால். அதை வைத்து, "நீயும் ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று யாராவது உங்களிடம் ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கும் சொன்னார்கள், அதுவும் நெருங்கிய சொந்தங்களே. உங்கள் வேலை போனதற்கும் கல்யாணம் நின்றதற்கும் கடவுள் மனதில் இருந்த காரணம் அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?