ரைஸ் மில் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. லேசர் கிளாடிங் போடலாமா, புதுசு வாங்கிவிடலாமா?

அரை மில்லிமீட்டர் தேய்மானம் என்கிறீர்கள். லேசர் கிளாடிங் என்றால் உலோகப் பவுடரை லேசரில் உருக்கித் தேய்ந்த இடத்தின் மேல் பூசுவது. உங்கள் ஷாஃப்டுக்கு அது வேண்டாம். காரைக்குடியில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்து, அப்புறம் கோயம்புத்தூரில் நான்கு வருடம் கிளாடிங் மெஷின் ஓட்டியவன் சொல்கிறேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

அப்பத்தா வீட்டுப் பின்கட்டில் ஈயம் பூசுகிறவர் வந்து உட்காருவார். மண்ணைத் தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். செம்பு அண்டா சுட்டதும் நவச்சாரத்தைத் தூவ, வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். ஈயத்தை ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு சுழற்று. கறுத்துக் கிடந்த உள்பக்கம் பளபளவென்று ஆகிவிடும். செம்பின் மேல் படிந்த ஆக்சைடை நவச்சாரம் எடுத்துவிடுவதால்தான் 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம் அதோடு பிடித்துக்கொள்கிறது. அழுக்கு விட்ட இடத்தில் பூச்சு நிற்காது.

அங்கே ஈயம் மட்டும் உருகும், அண்டா உருகாது. லேசர் கிளாடிங்கில் அடியில் இருக்கும் இரும்பும் தோலளவுக்கு உருக வேண்டும். ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும். சில மில்லிமீட்டர் அகலத்துக்கு லேசர் விழுந்து ஒரு குட்டிக் குளம் உண்டாகும். நாஸிலிலிருந்து ஆர்கான் வாயுவோடு வரும் உலோகப் பவுடர் அதில் விழுந்து உருகி உறையும். ஒரு வரி, அதன் மேல் பாதி ஏறினாற்போல் அடுத்த வரி, இப்படியே போகும். துருவைத் தடுக்க இன்கோனல் 625 மாதிரி நிக்கல் கலவை, தேய்மானத்துக்கு ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் கலவை, மண்ணோடு உரசுகிற பாகமென்றால் டங்ஸ்டன் கார்பைடு கலந்த பவுடர்.

வித்தையெல்லாம் எவ்வளவு குறைவாகக் கலக்க விடுகிறோம் என்பதில்தான். ஆர்க் வெல்டிங்கில் அடி இரும்பு நிறையக் கலந்து, விலை கொடுத்து வாங்கிய கலவையின் குணமே மாறிவிடும். லேசரை ஒழுங்காக வைத்தால் கலப்பு 5 சதவீதத்துக்குள்கூட அடங்கும். ரொம்பக் குறைத்துவிட்டால் பிடிப்பு இல்லாமல் உரிந்து வரும். தேய்ந்த ஷாஃப்டுக்கு மின்முலாமாக ஏற்றுகிற ஹார்டு குரோமில் இந்த உருகிய பிணைப்பே கிடையாது. அதில் இருக்கும் மயிரிழை விரிசல்கள் வழியாகத் துரு உள்ளே இறங்கும். முலாம் தொட்டியில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பது தனிக் கவலை.

நான் தனியாகப் போட்ட முதல் ஷாஃப்டைக் கெடுத்தேன். இஎன்8 என்ற ரக இரும்பு, அதில் கார்பன் 0.4 சதவீதம் போல இருக்கும். முன்சூடு கொடுக்காமல் ஆரம்பித்துவிட்டேன். லேசரின் சூடு மேல்தோலில் மட்டும்தான். உள்ளே குளிர்ந்து கிடக்கும் உடம்பு அதை ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளும். காய்ச்சித் தண்ணீரில் முக்கின மாதிரி அந்த இடம் கடினமாகி நொறுங்கத் தயாராகிவிடும். ஆறும்போது 'டிக்' என்று கேட்டது. பார்வைக்கு ஒன்றுமில்லை. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தேன். ஒரு நிமிடத்தில் வெள்ளையின் மேல் நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள், அத்தனையும் விரிசல். போட்ட பூச்சு முழுவதையும் கடைந்து எடுத்துவிட்டு, ஷாஃப்டைச் சூடேற்றித் திரும்பப் போட்டோம்.

மெல்லிய பூச்சுக்கு ஜெர்மனியில் ஆகென் நகரத்து ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் ஒரு அதிவேக முறை கொண்டுவந்திருக்கிறது. பவுடர் குளத்தில் விழும் முன்பே, லேசரைக் கடக்கும்போதே உருகிவிடுகிறது. வழக்கமாக நிமிடத்துக்கு ஓரிரண்டு மீட்டர் போகிற வேலை அதில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். பிரேக் டிஸ்க், ஹைட்ராலிக் ராடுக்கெல்லாம் சரி.

வெறும் துருதான் தொல்லை என்றால் லேசர் பக்கமே போக வேண்டியதில்லை, பெயிண்டும் துத்தநாகமும் போதும். நம்ம காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1953-ல் திறந்தது, துருவை ஆராய்வதற்கென்றே மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்த உப்புக் காற்றில் தாக்குப்பிடிக்கிற பெயிண்ட் உங்கள் மில் கேட்டுக்கு ஏராளம்.

சரி, உங்கள் ஷாஃப்ட். கிளாடிங் போட்டால் வேலை அதோடு முடியாது. கூடுதலாக ஏற்றி, கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டர்பைன் பாகம், பெரிய வால்வு மாதிரி புதுசு வாங்கினால் கையைக் கடிக்கிற சாமானுக்குத்தான் அந்தச் செலவு கட்டும். மில் ஷாஃப்டைக் கடைந்து, அதன் மேல் இறுக்கமாக ஒரு ஸ்லீவ், அதாவது குழாய் மாதிரி உறை, அடித்துவிடலாம். எங்கப்பாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், லேசர் என்றால் அவருக்கு இன்னமும் சிரிப்புதான்.

இல்லை, லேசரில்தான் போடுவேன் என்றால், அந்த இடத்தில் முன்னால் யாராவது வெல்டிங் வைத்து ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மேலே கடைந்து பளபளப்பாக்கியிருந்தால் எங்களுக்குத் தெரியாது. லேசர் பட்டதும் பழைய வெல்டிங்கில் அடைபட்டிருந்த கசடும் காற்றும் கொப்பளித்து, பூச்சு முழுக்கத் துளை துளையாக நிற்கும்.