அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுகிறீர்களா? நில ஏடுகள், பங்குப் பதிவேடுகள் பற்றிய கேள்வி பதில்

அயர்லாந்துக் குடும்பங்களில் மணம் முடித்த தமிழர்களும், சென்னையிலுள்ள சில ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகள் இவை. டப்ளின் ஆவணக் காப்பகங்களில் பல காலம் தேடிப் பழகியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் கணவரின் முன்னோரைத் தேட ஆசை. ஆனால் 1922-ல் எல்லாம் எரிந்துவிட்டது, தேடிப் பயனில்லை என்கிறார் மாமியார். உண்மையா? (கோர்க்)

பாதிதான் உண்மை. உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. உயில்களும், அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. 1861, 1871 கணக்குகளை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. எல்லாப் பழியையும் தீயின் மேல் போட முடியாது.

ஆனால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள், அதாவது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்டோரின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள், அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் வேறு கட்டடத்தில் இருந்தன. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் முழுமையாக இருக்கின்றன. நில மதிப்பீடு அச்சுப் புத்தகமாகவே வந்துவிட்டது. உங்கள் கணவர் குடும்பம் கத்தோலிக்கர் என்றால் 1820-கள் வரையாவது போக நல்ல வாய்ப்பு உண்டு என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு மாவட்டம், அவ்வளவுதான். ஜான் மர்ஃபி, கவுண்டி கோர்க். எங்கே தொடங்குவது? (லிமெரிக்)

அந்தப் பெயரை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். கோர்க்கில் மர்ஃபிக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அவருடைய டவுன்லாண்ட். நம் வருவாய்க் கிராமத்தைவிடச் சிறிய நிலப் பிரிவு அது. சிலவற்றில் நாலு வீடுதான் இருக்கும். நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பெயரோடு டவுன்லாண்ட் சேர்ந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும்.

அதற்கு, தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் 1911 கணக்கு, அப்புறம் 1901. பிறகு அரசுப் பதிவுகள். எல்லா மதத்தினரின் பிறப்பு, இறப்பு, திருமணமும் 1864 ஜனவரி 1 முதல் பதிவாகின்றன. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணம் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்தே உண்டு. பிறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். திருமணச் சான்றில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். இறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது. அதனால் திருமணச் சான்றை முதலில் தேடச் சொல்வேன்.

கேள்வி: 1901 கணக்கில் 54 வயது என்று இருப்பவர் 1911-ல் 71 என்று இருக்கிறார். இரண்டும் ஒரே ஆளா? (கால்வே)

பெரும்பாலும் ஒரே ஆள்தான். 1909 ஜனவரி முதல், 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1864-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றே கிடையாது. பலருக்குத் தம் வயது சரியாகத் தெரியாது, ஓய்வூதியத்துக்காகக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்குகளில் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். அந்தக் கணக்குகள் எரிந்துவிட்டாலும், விண்ணப்பப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாய் தந்தை பெயரும் டவுன்லாண்டும் அதில் இருக்கும். எரிந்துபோன கணக்கின் ஒரு துண்டு அப்படியே கைக்குக் கிடைத்ததற்குச் சமம். கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: கிரிஃபித் மதிப்பீடு என்கிறார்களே, அதை எப்படிப் படிப்பது? எங்கள் ஆள் நிலமில்லாத ஏழை. அதில் இருப்பாரா? (மாயோ)

இருக்க வாய்ப்புண்டு, சார். சொந்த நிலம் உள்ளவர்களின் பட்டியல் அல்ல அது. வீட்டிலோ நிலத்திலோ இருந்து அனுபவிப்பவரின் பட்டியல். ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளிவந்தது. வரி போடுவதற்காக எடுத்த கணக்கு, இன்று மக்கள்தொகைக் கணக்கு இல்லாத குறையைத் தீர்க்கிறது.

ஒவ்வொரு வரியிலும் குடியிருப்பவர் பெயர், அவருக்கு நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர் பெயர், சொத்து விவரம், பரப்பு, ஆண்டு மதிப்பு ஆகியவை இருக்கும். இடது ஓரத்து எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட்டால், பல இடங்களில் அந்த வீடு நின்ற இடத்தையே கண்டுபிடிக்கலாம். ஒரே டவுன்லாண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பிரித்துக் காட்ட அடைப்புக்குறிக்குள் தந்தையின் பெயரைப் போட்டிருப்பார்கள். ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைத்துவிடும்.

எந்த ஆண்டில் எடுத்தது என்பதை மறக்காதீர்கள். அயர்லாந்தின் பெரும் பஞ்சம் 1845-ல் தொடங்கியது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது என்று 1847-ல் சட்டம் வந்தது. பசிக்காக நிலத்தைக் கைவிட்டவர்கள் ஏராளம். நாலு பவுண்டுக்குக் குறைவான மதிப்புள்ள குடித்தனத்துக்கு நிலக்கிழாரே வரி கட்ட வேண்டியிருந்ததால், ஏழைக் குடிகளை வெளியேற்றவும் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. உங்கள் ஆள் பெயர் இல்லையென்றால், மதிப்பீட்டாளர் வரும் முன்பே குடும்பம் போய்விட்டிருக்கலாம். அந்த இல்லாமையையும் ஒரு தகவலாகக் குறித்துவையுங்கள்.

பெயர் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பின்னாளில் நிலம் கைமாறும்போதெல்லாம் அதிகாரிகள் திருத்த ஏடுகளில் பழைய பெயரை அடித்துவிட்டு, வேறு வண்ண மையில் புதுப் பெயரை எழுதினார்கள். அப்பா பெயர் அடிபட்டு மகன் பெயர் வரும் ஆண்டுக்கு அருகில் ஓர் இறப்பையோ பயணத்தையோ தேடலாம். இவை டப்ளினில் இருக்கின்றன. வடக்கின் ஆறு மாவட்டங்களுக்கானவை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே இலவசம்.

கேள்வி: அதற்கும் முந்தைய நில ஏடு உண்டா? (டப்ளின்)

உண்டு. 1823-லிருந்து 1837 வரை எடுத்த தசமபாக (கோயில் வரி) ஏடுகள். கத்தோலிக்க விவசாயியும் அயர்லாந்துத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. விளைநிலம் வைத்திருந்தவர் மட்டுமே வருவார், நகரத்தார் வரமாட்டார்கள். பெரும்பாலும் பழைய ஐரிஷ் ஏக்கரில் அளந்திருப்பார்கள். அது இன்றைய ஏக்கரைப் போல் 1.62 மடங்கு. இங்கே பத்து ஏக்கர் கிரிஃபித்தில் பதினாறானதும் குடும்பம் நிலம் வாங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பங்குப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கின்றன. எழுத்தும் புரியவில்லை. என்ன செய்வது, மேடம்? (வாட்டர்ஃபோர்டு)

தேசிய நூலகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை ஏறக்குறைய 1880 வரை படமாக எடுத்து, 2015 முதல் இலவசமாகத் தருகிறது. நகரங்களிலும் கிழக்கிலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கும் ஏடுகள் உண்டு. மேற்குப் பகுதியில் பலவும் 1820-க்குப் பிறகுதான்.

லத்தீன் பயப்பட வேண்டியதல்ல. குடும்பப் பெயர் பெரும்பாலும் மாறாது, முதற்பெயர்தான் மாறும். ஜோவான்னெஸ் என்றால் ஜான், ஜேக்கபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். பெண்களிடம் கவனம் வேண்டும். ஹொனோரா பிற்காலத்தில் நோரா ஆவார். பிரிட்ஜெட் டீலியா ஆகிவிடுவார். குடும்பப் பெயரில் முன்னால் வரும் 'ஓ' சில ஆண்டு இருக்கும், சில ஆண்டு இருக்காது.

ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள், பெயரைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பாக்கள்தான். ஒரே ஊரில் இரண்டு ஜான் மர்ஃபி குடும்பங்கள் இருந்தால் அவர்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். திருமணம் வழக்கமாகப் பெண்ணின் பங்கில் நடக்கும், முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் பல நேரம் அங்கேதான். திருமணப் பதிவில் மூன்றாம் படி உறவில் மணம் முடிக்கத் திருச்சபை விலக்கு அளித்ததாக இருந்தால், மணமக்களுக்குக் கொள்ளுத்தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ பொது.

ஞானஸ்நானத் தேதி அரசுப் பதிவிலுள்ள பிறப்புத் தேதிக்கு முன்னால் இருக்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறப்புத் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். நான் பாதிரியார் எழுதியதையே நம்புவேன்.

கேள்வி: எங்கள் பாட்டியின் தாத்தா மெட்ராஸில் பட்டாளத்தில் இருந்த ஐரிஷ்காரராம். ஊர் தெரியாது. (பெரம்பூர்)

உங்கள் தேடல் லண்டனில் தொடங்கும். மெட்ராஸ் மாகாணத்துக் கோயில்கள் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் படைப்பிரிவின் பெயர் கிடைக்கும். கம்பெனிப் படை என்றால் சேர்க்கை ஆவணங்களும் அதே நூலகத்தில். அரசப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர் என்றால் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசை. அந்தப் படிவத்தில் பிறந்த பாரிஷ் எனப்படும் சிறு வட்டாரம், பக்கத்து ஊர், மாவட்டம் மூன்றும் கேட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியதே அதுதான். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: அவரைக் கண்டுபிடித்தால் எனக்கு அயர்லாந்துக் குடியுரிமை கிடைக்குமா? (அதே வாசகி)

கிடைக்காதம்மா. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதியலாம். அதற்கும் மேல் என்றால், நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ பதிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆசை காட்டிப் பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? (கில்டேர்)

மேலே சொன்ன மக்கள்தொகைக் கணக்கு, அரசுப் பதிவு, கிரிஃபித், தசமபாக ஏடு, பங்குப் பதிவேட்டுப் படங்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். மாவட்டப் பாரம்பரிய மையங்கள் பதிவேடுகளைப் படித்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தளத்துக்கு மட்டும் சந்தா உண்டு. டவுன்லாண்ட் தெரிந்த பிறகு ஒரு மாதச் சந்தா எடுத்தால் போதும். அதற்கு முன் கட்டும் பணம் வீண்.