ஹெலிகாப்டர் பணிக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்செட் மட்டும் போதுமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது. சரக்கெல்லாம் பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் போகிறது. அந்தப் பணியில் சேர்ந்த உங்கள் தம்பிக்கு இந்த ஹெட்செட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

காதுமூடிக்குள் இருக்கும் மைக் இரைச்சலை உணர்ந்ததும், கருவி அதற்கு நேரெதிரான அலையை எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஆனால் இது சுழலிறகுகளின் தாழ்ந்த அதிர்வில்தான் நன்றாகப் பலிக்கும். எஞ்சினில் சுழலும் டர்பைனின் கீச்சொலியைத் தடுப்பது காதைச் சுற்றி ஒட்டும் மெத்தைதான். மூக்குக்கண்ணாடியின் தடித்த கம்பி அதில் சிறு இடைவெளி விட்டாலே பாதுகாப்பு குறைந்துவிடும். மெல்லிய கம்பியுள்ள கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஹெட்செட்டுக்கு உள்ளே, காதுத் துளையில் நுரை அடைப்பானும் வைக்கட்டும். காதுக்குக் கேடில்லாமல் ஒரு நாளில் இருக்கக்கூடிய நேரம் 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் என்றால், 88-இல் 4 மணி நேரம்தான் கணக்கு. வீடு திரும்பிய பிறகும் காதில் ரீங்காரம் நீடித்தால், தயவுசெய்து தாமதிக்காமல் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.